க இல்லாத ஹால்டாவோடு மதுரை வரை

வெள்ளி, சென்னை

லீவு கிடைத்துவிட்டது. காரின் பின் சீட்டில் பழைய போர்வை சுற்றி ஒரு தமிழ் ஹால்டா டைப்ரைட்டர் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மார்ஜினையும் நடுவுக்குத் தள்ளி, காகிதத்தைச் சுமந்து பக்கவாட்டில் ஓடும் கேரேஜை அசையாமல் நிறுத்தி, அதற்கு மேல் சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டியிருக்கிறேன். பெரிய மெஷினைத் தூக்கிக்கொண்டு போகும்போது முதலில் அடிபடுவது கேரேஜ்தான், பெட்டியில் போட்டு பார்சலில் அனுப்பி வளைந்து வந்த மெஷின்களை நிறையப் பார்த்தாச்சு.

இதற்கு வியாதி இரண்டு. ஒன்று, காகிதம் சுற்றும் ரோலரின் ரப்பர் இறுகிவிட்டது, நகத்தால் அழுத்தினால் கொஞ்சமும் இறங்கவில்லை. அதற்கு ஏதாவது வழி பண்ணிக்கொள்ளலாம். இன்னொன்றுதான் பெரிய தலைவலி. இடது ஆள்காட்டி விரல் உட்காரும் கட்டையை (கீயை) அடித்தால், எழுத்தைக் கொண்டுபோய் அடிக்கும் கம்பியான டைப் பார் எழும்புகிறது, மை ரிப்பனில் போய் இடிக்கவும் செய்கிறது, ஆனால் அதன் நுனியில் எழுத்தே இல்லை. பற்றவைப்பு விட்டு, எந்த ஊரில் எந்த அலுவலகத் தரையில் விழுந்ததோ. சாதாரணமாக அடித்தால் க, ஷிப்ட் போட்டால் கு, இரண்டும் ஒரே இரும்புத் துண்டில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. க-வும் கு-வும் இல்லாமல் தமிழில் ஒரு விண்ணப்பம்கூட அடிக்க முடியாது, 'சமூகத்திற்கு' என்று ஆரம்பிக்கும்போதே மாட்டிக்கொள்வோம். டைப்பிங் கிளாஸில் சேர்ந்த அன்று அடிக்க வைக்கும் யளனகபக-வும் வராது.

ஆக, இந்தப் பயணம் ஒரு 'க' தேடி. போகிற வழியில் வேறு ஏதாவது கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஹால்டா என்ற பெயர் ஸ்வீடனிலிருந்து வந்தது. ஹென்னிங் ஹம்மர்லுண்ட் என்பவர் 1887-ல் ஸ்வாங்ஸ்டா என்ற சின்ன ஊரில் ஆரம்பித்த பட்டறை அது, பிற்பாடு ஃபேசிட் கம்பெனியின் கைக்குப் போனது. நம் ஊரில் அதைச் செய்தது ராயலா கார்ப்பரேஷன், இங்கே கிண்டிப் பக்கத்தில். தமிழ்நாட்டில் எந்த டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் ஏறினாலும் ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட், கோத்ரெஜ் இந்த நாலில் ஏதாவது ஒன்றின் முன்னால்தான் உட்கார வைப்பார்கள். வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் ஒலிவெட்டி, ஹெர்மஸ் என்று உருகுகிறார்கள். எனக்கும் பிடிக்கும், ஆனால் நம் ஊர் வெயிலிலும் புழுதியிலும் நாளெல்லாம் வெவ்வேறு பிள்ளைகளின் கையால் அடி வாங்கி இத்தனை வருஷம் ஓடியது இந்தக் கனத்த, அழகில்லாத மெஷின்கள்தான். என் வோட்டு இவற்றுக்கு.

கிளம்பும் முன் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துக்கு ஒரு நடை போனேன். 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் கடைகள் வந்து சேர்ந்த இடம். புத்தகம்தான் அதிகம், மெஷின் ஒன்றும் இல்லை. ஒரு கடையில் மட்டும் ஒரு டப்பா நிறைய டைப்ரைட்டர் கட்டைகள் கிடந்தன, கண்ணாடி மூடி, நிக்கல் வளையம் எல்லாம் அப்படியே. மோதிரமும் கம்மலும் செய்கிறவர்கள் வாங்கிப் போகிறார்களாம். அந்த டப்பாவைப் பார்த்து வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. கட்டை பிடுங்கிய மெஷின் எதற்கும் உதவாது, அப்புறம் எடைக்குத்தான் போகும். பாரிமுனையில் ரிப்பன் மட்டும் வாங்கிக்கொண்டேன். அரை அங்குல ரிப்பன், எந்த ஊர் மெஷினுக்கும் அனேகமாகப் பொருந்தும், ரிப்பன் சுற்றும் பழைய ஸ்பூலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதிலேயே சுற்றிக்கொள்ளலாம்.

சனி, புதுச்சேரி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் கிளம்பியதால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டேன். இங்கே வர ஒரே காரணம், பிரெஞ்சு மெஷின்கள். பழைய மரச்சாமான் கடைகளில் எப்போதாவது தலைகாட்டும்.

முதல் கடையில் இருந்தது ஒரு ஜாப்பி. பிரான்சில் போகூர் என்ற ஊரில் கடிகாரத்தில் ஆரம்பித்து டைப்ரைட்டர் வரைக்கும் செய்த குடும்பத்தின் மெஷின். கட்டை வரிசையே வேறு. க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ, டபிள்யூ இடத்தில் இசட், எம் போய் எல்-லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எண் அடிக்க ஷிப்ட் போட வேண்டும், ஏனென்றால் ஷிப்ட் இல்லாத இடத்தை எல்லாம் கொம்பு வைத்த பிரெஞ்சு எழுத்துகள் பிடித்துக்கொண்டன. நன்றாகத்தான் இருந்திருக்கும், யாரோ தலை முதல் கால் வரை தங்க நிற ஸ்ப்ரே அடித்திருக்காவிட்டால். கட்டை, டைப் பார், ரோலர் ஒன்றையும் விடவில்லை. எழுத்துகளின் இடுக்கில் பெயின்ட் உறைந்து நிற்கிறது. ஹோட்டல் வரவேற்பறைக்கு நன்றாக இருக்கும் சார் என்றார் கடைக்காரர். அவர் சொன்ன விலைக்கு நல்ல நிலையில் ஒரு போர்ட்டபிளே வாங்கலாம்.

இரண்டாவது கடையில் ஒரு அண்டர்வுட் 5. 1900-ஐ ஒட்டி வந்த மாடல், அடித்த எழுத்து உடனே கண்ணுக்குத் தெரியும்படி டைப் பார்கள் முன்னாலிருந்து எழும்பும் அமைப்பை ஊர் உலகமெல்லாம் பரப்பியது இதுதான், அதற்கு முந்தைய ரெமிங்டன்களில் பார்கள் அடியிலிருந்து அடிக்கும், என்ன அடித்தோம் என்று பார்க்க கேரேஜைத் தூக்க வேண்டும். இதில் பெயின்ட் வேலை இல்லை. ஆனால் பூட்டிய ஷோகேஸில் இருந்ததை வெளியே எடுத்துத் தரவே கடைப்பையன் யோசித்தான்.

கடையில் மெஷினைப் பார்க்கும்போது நான் செய்வது இதுதான். கேரேஜை வலது பக்கம் தள்ளி, ஒரு கட்டையை அடிப்பேன். ஒரு இடம் நகர்ந்து நின்றால் மெயின் ஸ்பிரிங், அதிலிருந்து கேரேஜை இழுக்கும் நாடா, பல்சக்கரம் மூன்றும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். நகராவிட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அந்த நாடாதான் அறுந்திருக்கும். அதற்கப்புறம் எல்லாக் கட்டையையும் மெதுவாக அழுத்திப் பார்ப்பது. எழும்பிய பார் திரும்பி விழாவிட்டால் அழுக்கு, அதைக் கழுவலாம். ஆனால் பார்கள் எல்லாம் வந்து சொருகியிருக்கும் அந்த அரைவட்டத் தகட்டின் காடிகளுக்குள்ளேயே துரு பிடித்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். இந்த அண்டர்வுட்டில் துரு, கடல் காற்று உபயம். மேலே பாலிஷ் பளபள என்று இருக்கிறது, உள்ளே ஒரு பார்கூட அசையவில்லை. ஒன்றும் வாங்காமல் ஒரு நல்ல மீன் சாப்பாட்டோடு புதுச்சேரியை முடித்துக்கொண்டேன்.

ஞாயிறு, காரைக்குடி

நேற்று இரவே வந்து லாட்ஜில் இறங்கிவிட்டேன். காலையில் முனீஸ்வரன் கோவில் தெரு. செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போதும் பங்கு பிரியும்போதும் வெளியே வரும் சாமான் எல்லாம் வந்து குவியும் தெரு. தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம். இதற்கு நடுவில் டைப்ரைட்டருக்கு என்ன வேலை என்றால், நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடந்தது பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும். அங்கே ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து, கோர்ட், பத்திரம் எல்லாம் இருந்தது. திரும்பி வந்த பெட்டிகளில் மெஷினும் வந்தது.

உண்மையைச் சொன்னால் இந்தத் தெருவில் நான் ஒவ்வொரு தடவையும் தேடுவது ஒரு தமிழ் பிஜூ. தமிழ் டைப்ரைட்டரின் கதையே அந்தப் பக்கத்துக் கதைதான். யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் 1886-ல் பிறந்த ஆர். முத்தையா, 1907-ல் மலாயாவுக்குப் போனவர், கம்பெனி உத்தியோகத்தில் இருந்துகொண்டே தமிழுக்கு ஒரு கட்டை வரிசை அமைத்தார். மெஷினைச் செய்து கொடுத்தது ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமன். அவர்களுடைய எரிகா போர்ட்டபிளுக்கு ஏற்றுமதிப் பெயர் பிஜூ. அதில் தமிழ் எழுத்தைப் பொருத்தினார்கள்.

247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் கட்டைக்குள் அடக்குவது எப்படி என்பதுதான் அவருக்கு முன்னால் இருந்த கேள்வி. கால், கொம்பு போன்றவற்றைத் தனித் தனியாகப் பிரித்துப் பக்கத்தில் அடித்துக்கொள்ளலாம், சரி. புள்ளியும், கி-யின் மேல் வளைவான விசிறியும் எழுத்தின் தலைமேல் வர வேண்டுமே? அதற்கு நகராத கட்டை. சாதாரணக் கட்டையை அடித்தால் பார் போய்ப் பின்னால் ஒரு பட்டையைத் தள்ளும், அந்தப் பட்டை பல்சக்கரத்தை விடுவிக்கும், ஸ்பிரிங் கேரேஜை ஓர் இடம் இழுத்துவிடும். புள்ளிக் கட்டை அந்தப் பட்டையைத் தொடாது. காகிதத்தில் புள்ளி விழும், கேரேஜ் அங்கேயே நிற்கும், அடுத்து க அடித்தால் புள்ளிக்கு அடியிலேயே வந்து உட்காரும். எழுதும்போது கடைசியில் வைக்கும் புள்ளியை மெஷினில் முதலில் வைக்க வேண்டும். கையில் பேனாவோடு வளர்ந்தவர்களுக்கு இது பழக சில நாள் ஆகும், அப்புறம் விரல் பார்த்துக்கொள்ளும். தமிழ் மெஷின் வாங்குகிறவர்கள் கட்டாயம் சோதிக்க வேண்டியதும் இதைத்தான். புள்ளி அடித்தும் கேரேஜ் நகர்ந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

பிஜூ கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு ரெமிங்டன் போர்ட்டபிள், ஆங்கிலம், 1920-களில் வந்த வகை. இதில் டைப் பார்கள் படுத்தே கிடக்கும். பக்கத்துக் குமிழைத் திருகினால் எல்லாம் சேர்ந்து எழுந்து நிற்கும், அப்புறம்தான் அடிக்க முடியும். மூடி போடும்போது உயரம் குறைய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. முன் பலகையில் ரங்கூன் கடை ஒன்றின் ஸ்டிக்கர், பாதி உரிந்தும் ஊர்ப் பெயர் மட்டும் தெளிவாக. கடைக்காரர் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டித் தருகிறேன் என்று கத்தியை எடுத்துவிட்டார், பதறிப்போய் கையைப் பிடித்தேன். என் கணக்கில் பாதி விலை அதற்குத்தான். அவரிடம் சொல்லவில்லை.

இரவு லாட்ஜ் மேஜையில் ரிப்பேர். நினைத்தது போலவே கேரேஜ் நாடா இல்லை. மீன் பிடிக்கும் நைலான் நரம்பு எப்போதும் பையில் இருக்கும், அதில் வேலையை முடித்தேன். ஒரே எச்சரிக்கை, ஸ்பிரிங் டிரம்மை இரண்டு மூன்று சுற்று முறுக்கிப் பிடித்துக்கொண்டே நரம்பை மாட்ட வேண்டும். வழுக்கி விட்டுவிட்டால் டிரம் வேகமாகத் திரும்பி ஸ்பிரிங்கின் உள் நுனி உடையும், அந்த அளவு ஸ்பிரிங்குக்கு எங்கே போவது? நரம்பைப் பிடிக்க ஹோட்டல் பையனையும் கூப்பிட்டுக்கொண்டேன். வேலை முடிந்ததும் அவன் தன் பெயரை அடித்துப் பார்த்தான், வரி முடியும் மணி அடித்ததும் சிரித்தான், இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு வரி என்று காகிதம் தீரும்வரை விடவில்லை.

திங்கள், மதுரை

மெக்கானிக் ஐயாவின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில். உள்ளே நிற்க இடமில்லை, வாசல் வரை மெஷின்கள். அறிமுகம் ஏற்கெனவே போனில் ஆகியிருந்தது. ஹால்டாவை இறக்கியதும் க கட்டையை அடித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க தம்பி, இப்ப வந்து நிக்கிறீங்க? வர்ற சனி ஞாயிறு பரீட்சை. எனக்குச் சாப்பிட நேரமில்ல" என்றார்.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்தும் டைப்பிங் பரீட்சை. ஜூனியருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. குரூப் 4-ல் டைப்பிஸ்ட் வேலைக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும், அதனால்தான் கம்ப்யூட்டர் வந்து இத்தனை வருஷம் ஆகியும் தெருவுக்குத் தெரு டக டக சத்தம் ஓயவில்லை. உலகத்தின் மற்ற இடங்களில் டைப்ரைட்டர் அலமாரிக்குப் போய்விட்டது. 1955-ல் முதல் இந்திய மெஷினைச் செய்த கோத்ரெஜும் 2009-ல் நிறுத்திவிட்டது. மிச்சமிருந்த சில நூறு மெஷின்களைப் பற்றி 2011-ல் செய்தி வந்தபோது கடைசித் தொழிற்சாலை மூடியது என்று உலகமே இரங்கல் எழுதியது. அந்த வாரமும் இங்கே பிள்ளைகள் யளனகபக அடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இதனால் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நான் தேடும் உதிரி பாகம் ஏதோ ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கும் வேண்டும். யாருக்கு முதலில் என்றால், பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குத்தான். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பேரம் இப்படி முடிந்தது. வெள்ளி வரை கடையில் கூடமாட வேலை பார்க்க வேண்டும். பரீட்சை முடிந்ததும் அவர் க தருவார்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி

தனித் தனியாக எழுத நேரமில்லை, விரல் எல்லாம் மை.

வேலை இதுதான். வருகிற மெஷினின் மேல் தகடுகளைக் கழற்று, பிரஷால் தூசியைத் தட்டு, மண்ணெண்ணெயில் கழுவு, ப்ளோயரால் காற்றடி, வெயிலில் வை. எழுத்துகளில் மை அடைத்திருந்தால் குண்டூசி. ஆங்கிலத்தில் ஓ, ஈ, ஏ என்று நாலைந்து எழுத்தோடு போகும். தமிழில் ண, ன, ணு, று என்று எங்கே பார்த்தாலும் சுழிதான், ஒவ்வொரு சுழியிலும் பல வருஷத்து ரிப்பன் பஞ்சு. ண-வின் கடைசிச் சுழி திறந்து காகிதத்தில் வெள்ளையாக விழும்போது வருகிற சந்தோஷத்தை இந்தப் பொழுதுபோக்கு இல்லாதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மண்ணெண்ணெய் விஷயத்தில் அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அது லேசான எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும், அதில் மறுபடி தூசி ஒட்டும், நான் வீட்டில் பெட்ரோல்தான் பயன்படுத்துவேன். அந்தப் பிசுக்குதான் அடுத்த பரீட்சை வரை துரு பிடிக்காமல் காப்பாத்துது என்பது அவர் கட்சி. நாள் முழுக்க ஓடும் மெஷினுக்கு அவர் சொல்வது சரியாக இருக்கலாம், அலமாரியில் நிற்கும் மெஷினுக்கு நான் சொல்வதுதான் சரி. ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. தையல் மெஷின் எண்ணெயை டைப் பார் காடிகளில் ஊற்றுகிறவர்களுக்கு மன்னிப்பே கிடையாது. அங்கே ஒரு சொட்டும் கூடாது, எண்ணெய் வேண்டிய இடம் கேரேஜ் ஓடும் தண்டவாளம், அதுவும் துணியில் தொட்டுத் துடைக்கும் அளவுதான்.

ரோலருக்கும் வழி சொன்னார். சிவகாசியில் பிரஸ் ரோலருக்கு ரப்பர் போடுகிறவர்களிடம் கொடுத்தால் பழைய ரப்பரை உரித்துப் புதிதாகப் போட்டுக் கடைந்து தருவார்களாம். அதுவரை காகிதத்துக்குப் பின்னால் இன்னொரு கெட்டித் தாள் வைத்து அடிக்கலாம், சத்தமும் குறையும், எழுத்து ரோலரைக் குத்தாது.

சனி, மதுரை

பரீட்சை மையம் ஒரு பாலிடெக்னிக். காலை 7 மணிக்கே கேட் முன்னால் மினி வேன்கள், உள்ளே வைக்கோலும் கோணிச் சாக்கும் நடுநடுவே திணித்து மெஷின்கள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் நம்பர். அண்ணன்மார்களும் அப்பாக்களும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், 15 கிலோவுக்குக் குறையாத கனம். பாவாடை சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் தன் மெஷினை யார் தூக்கினாலும் கூடவே ஓடி, "கேரேஜைப் பிடிக்காதீங்க, அடியைப் பிடிங்க" என்று கத்திக்கொண்டே போனாள். அவளிடம் இரண்டு பாடம் நான் கற்றுக்கொள்ளலாம்.

ஐயா எதிர் டீக்கடையில் ஸ்குரூ டிரைவர் பையோடு. முதல் பேட்ச் உள்ளே போகும் முன்பே ஒரு பையன் ஓடி வந்தான், ரிப்பன் ஒரு பக்கமே ஓடி முடிந்து நிற்கிறதாம். ரிப்பன் நுனியில் ஒரு சின்ன உலோக வளையம் இருக்கும், அது போய் முட்டினால்தான் ஸ்பூல் திசை மாறும். புது ரிப்பன் சுற்றும்போது யாரோ அதை வெட்டிவிட்டார்கள். ஐயா நுனியில் ஒரு முடிச்சுப் போட்டார், அவ்வளவுதான்.

பத்து நிமிஷ ஸ்பீடு தாள். மணி அடித்ததும் ஹால் முழுக்க ஒரே நேரத்தில் ஆரம்பிக்கிறது, ஓட்டுக் கூரை மேல் கல்மழை பெய்கிற மாதிரி. பத்துப் பதினைந்து வினாடியில் வேகமானவர்களின் வரி முடிந்து மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கத் தொடங்குகின்றன. கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா சத்தத்தை வைத்தே தன் பெண் எந்த வரியில் இருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இதையும் கம்ப்யூட்டருக்கு மாற்றும் பேச்சு ரொம்ப நாளாக ஓடுகிறது. மாற்றுவது நியாயம்தான், எந்த அலுவலகத்திலும் இப்போது மெஷின் இல்லை. மாறிவிட்டால் இந்த வேன்களில் இருக்கும் எல்லாமே ஒரே வருஷத்தில் எடைக்கு வரும். என்னிடம் இருப்பது ஒரு சின்ன வீடு, அதில் எத்தனையை வைக்க முடியும்?

ஞாயிறு இரவு, மதுரை

கடைசி பேட்ச் முடிந்து கடைக்கு வந்ததும், சொன்ன வாக்குப்படி ஐயா பரணிலிருந்து கேரேஜ் இல்லாத ஒரு ஹால்டாவை இறக்கினார். க இருந்தது. அடியில் லேசாகச் சூடு காட்டி ஈயத்தை இளக்கி எடுத்து, என் மெஷினின் பாரில் சொருகி, ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு பொட்டு வைத்தார். அப்புறம் பகபகபக என்று ஒரு வரி அடித்தார். க ஒரு மயிரிழை தூக்கி நின்றது. மறுபடி சூடு, மறுபடி பகபக. ஷிப்ட் போட்டுக் கு-வும் சமமாக நின்ற பிறகுதான் முழுப் பற்று. பார் வலது பக்கம் துளி சாய்ந்திருந்ததைக் குறட்டால் ஒரு திருகு. அளவுகோல் எதுவும் எடுக்கவில்லை, கண்தான்.

எவ்வளவு என்று கேட்டேன். நாலு நாள் கழுவினதுக்கும் இதுக்கும் சரியாப்போச்சு என்றார். கொஞ்சம் வற்புறுத்தியதும், ஜனவரிக் கடைசியில் ஒரு வாரம் வர முடியுமா, பிப்ரவரி பரீட்சைக்கு இதைவிடக் கூட்டம் இருக்கும், வரும்போது பாரிமுனையில் வாங்கின அதே ரிப்பன் ரெண்டு டஜன் வாங்கிட்டு வாங்க, இங்க வர்றதுல மை காஞ்சு கிடக்கு என்றார். ஆபீஸில் கேட்க வேண்டும். நாளைக் காலை சிவகாசி, ரோலரை அங்கே கொடுத்துவிட்டு மத்தியானம் சென்னைக்குக் கிளம்புகிறேன்.